மூக்கால் வாங்கிய வைன்

யோகராணி அக்காவைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவர் ஒலிவ் எண்ணெய் விற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆக்லாந்தின் ஒனஹங்காவில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் இத்தாலியக் கடையில் ஒலிவ் எண்ணெய் இருக்கிறது, பாஸ்தா இருக்கிறது, டின்னில் அடைத்த தக்காளியும் இருக்கிறது. எல்லாம் வாசலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தட்டில். மீதிக் கடை முழுக்க வைன். கோயிலில் யாராவது வேலையைப் பற்றி விசாரித்தால், அவர் கணவர் குலசிங்கம் அண்ணன் முந்திக்கொண்டு அந்த ஒரு தட்டை மட்டும் வர்ணிப்பார்.

நான் ஷாரோன். மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள், கடையில் டெலிவரி பார்க்கிறவள். எனக்கு வேண்டியதை நான் வாய்விட்டுக் கேட்டுவிடுவேன். லீவு, சம்பள உயர்வு, ஜன்னலோர மேசை என்று எதையும் விட்டதில்லை. யோகாக்கா அதற்கு நேர் எதிர். எங்கள் இருவரையும் ஒரே அறையில் வைத்த முதலாளியம்மா பாவ்லாவுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா வவுனியாவிலிருந்து சென்னை வழியாக அகதியாக வந்து சேர்ந்தவர். இப்போது ஹில்ஸ்பரோவில் சொந்த வீடு, மோர்ட்கேஜ், வளர்ந்த இரண்டு பிள்ளைகள். கடைக்கு வந்த புதிதில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போத்தல்களை அடுக்குவதுதான் அவர் வேலை. காய்ச்சலோடு வருவார். பல் பிடுங்கிய கன்னத்தோடு வருவார். ஒருமுறை பாவ்லா அவரைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த நாள் காலையில் அக்கா ஒரு டப்பா நிறைய வடையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று பாவ்லாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை, ஆனால் வடை முழுவதையும் சாப்பிட்டார்.

"ஒரு நாள் இயலாது எண்டு சொன்னா, அடுத்த நாள் அந்த இடத்தில வேற ஆள் நிக்கும்" என்று அக்கா என்னிடம் சொன்னதுண்டு. எந்த நாட்டில் எந்த வேலையில் அப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கேயோ நடந்திருக்க வேண்டும்.

போத்தல் அடுக்கியவருக்குப் போத்தலின் மேல் ஆசை வந்தது. குடிக்கும் ஆசையில்லை, அறியும் ஆசை. ஆக்லாந்தில் வெள்ளை வைன் என்றால் எல்லோருக்கும் சவின்யோன் பிளாங்க்தான். அதன் மூடியைத் திருகினாலே பாஷன் பழமும் வெட்டிய புல்லுமாக அடுத்த அறை வரைக்கும் மணக்கும். இத்தாலிய வெள்ளைகள் வேறு சாதி. கிளாஸில் மூக்கை நுழைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாயில் வைத்த பிறகுதான் எலுமிச்சைத் தோல், உப்பு, கடைசியில் பாதாம் பருப்பின் மெல்லிய கசப்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்தக் கூச்சம் அக்காவுக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

பெயர்கள்தான் எனக்குத் தலைசுற்றல். சோவே என்பது ஊர், அங்கே விளையும் திராட்சை கர்கனேகா. காவி என்பதும் ஊர், அதன் திராட்சை கொர்தேசே. ஆனால் வெர்டிக்கியோ என்பது திராட்சையின் பெயர், அது இத்தாலியில் பாவ்லா பிறந்த மார்க்கே பிரதேசத்துக் கொடி. "இதுக்கேன் குழம்புறீர்? சேலத்து மாம்பழம் எண்டு கேட்டாலும் மல்கோவா எண்டு கேட்டாலும் கைக்கு வாறது ஒரு பழம்தானே" என்று அக்கா சொன்ன பிறகு எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. மாலை வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, சான்றிதழும் வாங்கினார். குலசிங்கம் அண்ணன் அதைச் சட்டம் போட்டு மாட்டினார், படுக்கையறையில், கதவுக்குப் பின்னால்.

அந்தப் படிப்பில் அவரை வாட்டியெடுத்தது துப்புவது ஒன்றுதான். வைனை ருசி பார்க்கிறவர்கள் விழுங்குவதில்லை. வாயில் சுழற்றிவிட்டுப் பக்கத்து வாளியில் துப்பிவிடுவார்கள். நாலு பேர் நடுவில், மேசையில் உட்கார்ந்துகொண்டு துப்புவதற்கு அக்காவுக்கு உடம்பு கூசியது. முதல் சில மாதங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி, கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் துப்புவார். அது ஏதோ கீழைத்தேய மரியாதை என்று நினைத்த பாவ்லா ஒருநாள் தானும் சுவரைப் பார்த்துத் திரும்பி, கையால் வாயை மறைத்துக்கொண்டு துப்பினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் டெலிவரி வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கடையின் வெள்ளை வைன்களை ஒவ்வொரு வருஷமும் பாவ்லாதான் தேர்ந்தெடுப்பார். இத்தாலியிலிருந்து மாதிரிப் போத்தல்கள் வரும். அவற்றை ருசித்து, புதிதாக எதை வரவழைப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். சிவப்பு வைன்களோடு வெள்ளையையும் பார்க்க நேரமில்லை, யாரிடமாவது ஒப்படைக்கப் போகிறேன் என்று பாவ்லா ஒருநாள் சொன்னார். அந்த வேலைமேல் அக்காவுக்கு உயிர். எனக்குத் தெரியும், குலசிங்கம் அண்ணனுக்குத் தெரியும், கடைக்கு ரொட்டி கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும். பாவ்லாவுக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அவரிடம் அக்கா சொல்லவில்லை. அவர் போய்ச் சொன்னது முருகனிடம். இந்த வேலை கிடைத்தால் மூன்று வருஷம் கந்தசஷ்டி விரதம் பிடிப்பதாக நேர்த்தி வைத்தார்.

வேலை கிடைத்தது. பாவ்லா பார்த்துத் தானாகக் கொடுத்ததுதான், ஆனால் அக்காவின் கணக்கில் அது முருகன் கொடுத்தது. முதல் இரண்டு வருஷமும் விரதம் ஒரு பக்கம், மாதிரிப் போத்தல்கள் ஒரு பக்கம் என்று ஒன்றோடொன்று மோதாமல் போயின. அவர் வரவழைத்த வெள்ளைகளில் ஒரு வெர்மெந்தீனோவும் ஒரு ஃபியானோவும் நன்றாக ஓடின. நகர மையத்து உணவகங்கள் ஃபியானோவைக் கேட்டு வாங்கின. பாவ்லா அவரை வாடிக்கையாளர்களுக்கு "எங்கள் வெள்ளை வைன்களின் எஜமானி" என்று அறிமுகம் செய்வார். அப்போது அக்கா குனிந்து, ஏற்கெனவே நேராக இருக்கும் போத்தல்களை நேராக வைப்பார்.

மூன்றாவது வருஷம் கப்பல் கம்பெனிக்காரர்கள் தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார் பாவ்லா. அன்றைக்கு விரதத்தின் இரண்டாம் நாள்.

பின்னறையில் எட்டுப் போத்தல்களையும் வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ பில் கேட்க உள்ளே போனேன். கிளாஸ்களில் ஊற்றிய வைன் அப்படியே இருந்தது. வாளி காய்ந்து கிடந்தது. அக்காவின் சட்டைக் கை வழக்கத்துக்கு மாறாக மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது, அதன் விளிம்பில் விரதத்துக்காகக் கோயிலில் கட்டிய காப்பு நூல் எட்டிப் பார்த்தது.

"அக்கா, நீங்க வாயில வைக்கவே இல்லையா?"

"காப்புக் கட்டியாச்சு. எப்பிடி வைக்கிறது?"

"துப்பத்தானே போறீங்க? விழுங்கலியே."

"வாயில பட்டாலே முறிஞ்ச மாதிரித்தான். இரவில ஒருக்காப் பாலும் பழமும், அவ்வளவுதான் நான் எடுக்கிறது. அதுக்குள்ள வைனோ?"

"அப்ப பாவ்லாகிட்ட சொல்லிடுங்க லா. அடுத்த வாரம் பாக்கிறேன்னு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கடையைக் கொளுத்தச் சொன்னது போலிருந்தது.

"முதல் தரம் ஒரு அவசரம் வந்திருக்கு. இந்த நேரம் பாத்து இயலாது எண்டு சொல்லுறதோ? நீர் ஒண்டும் சொல்லாதையும். பசியில மூக்கு நல்லா வேலை செய்யுது ஷாரோன். இப்பிடி ஒருநாளும் மணந்ததில்லை. மூக்கே போதும்."

அது சொல்ல வேண்டியவர் சொல்ல வேண்டிய விஷயம், நான் வெளியே வந்துவிட்டேன். ஆனால் எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தாலிய வெள்ளையை மூக்கால் எடைபோடாதீர்கள், வாயில் வைத்துப் பாருங்கள் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறவர் இவர். இப்போது இவரே போட்டோவைப் பார்த்து மாப்பிள்ளை எடுக்கிறார்.

எட்டில் இரண்டுதான் கடைசியில் போட்டிக்கு நின்றன என்று பிறகு சொன்னார். ஒன்று சிசிலியில் எட்னா எரிமலைச் சரிவில் விளையும் கரிகாந்தே. அது மூக்குக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை, மழையில் நனைந்த கல்லின் வாசம், அதுவும் லேசாக. மற்றது வடகிழக்கே ஃப்ரியூலியிலிருந்து வந்த மல்வாசியா. கிளாஸைப் பக்கத்தில் கொண்டுவரும்போதே மல்லிகைப்பூ, அக்கா அன்னமுன்னா என்று சொல்லும் நன்றாகப் பழுத்த சீத்தாப்பழம், ஏலக்காய். வெறும் வயிற்றோடு இருந்த மனுஷிக்கு அது பிரசாதம் போல மணந்திருக்கிறது. மல்வாசியா என்று எழுதிக் கொடுத்தார். பாவ்லா ருசி பார்க்கவில்லை. போத்தலை மோந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா சொன்னார் என்றால் அவருக்குப் போதும்.

கோடை முடிந்து இலை உதிரத் தொடங்கியபோது கன்டெய்னர் வந்தது. புதுச்சரக்கு வந்தால் முதல் போத்தலைக் கடையிலுள்ள எல்லோரும் சேர்ந்து திறப்பது வழக்கம். பாவ்லா ஊற்றினார். எல்லோரும் மோந்துவிட்டு ஆகா என்றோம், எனக்கே நாக்கில் நீர் ஊறியது. பிறகு குடித்தோம்.

எனக்கு வைன் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது நன்றாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது. வாசனை வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே புளிப்பில்லை, துடிப்பில்லை. தொண்டையில் காரமாக ஒரு சூடு, நாக்கில் மருந்துக் கசப்பு. பாவ்லா இன்னொரு மிடறு எடுத்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

அக்கா அப்போதுதான் அதை முதல்முறையாக வாயில் வைக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் துப்பவில்லை, விழுங்கிவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை.

"நான் இதை ருசி பார்க்கவில்லை. மோந்து மட்டும்தான் பார்த்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். விரதத்தைப் பற்றியும் சொன்னார். தலையைக் குனியவில்லை.

பாவ்லா கத்துகிற பெண்தான். வேன் தாமதமானால் கத்துவார், மழை பெய்தால்கூடக் கத்துவார். அன்றைக்குக் கத்தவில்லை. கிளாஸை மேசையில் வைத்தார்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

அக்கா தன் கிளாஸையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

"அடுத்த வாரம் வைத்திருப்பேனே யோகா. கப்பல்காரனுக்கு ஒரு போன் செய்திருப்பேன், அவ்வளவுதானே? நீ சாமிக்காகச் சாப்பிடாமல் இருந்தது எனக்குக் கோபமில்லை. என் அம்மாவும் ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் இறைச்சி தொடமாட்டார். நீ ருசி பார்த்தாய் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன், அதுதான் கோபம்."

அந்த வருஷத்திலிருந்து வெள்ளையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை. அடித்துச் சாத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அக்கா மறுபடி கடையின் முன்பக்கத்துக்கு வந்துவிட்டார். யாரிடமும் குறை சொல்லவில்லை. மல்வாசியா கேட்டு யாராவது வந்தால், "மணம் நல்லா இருக்கும், ருசி அவ்வளவு இல்லை" என்று ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வார். அப்படிச் சொல்லியும் சிலர் வாங்கிப் போனார்கள், இந்த நாட்டு ஜனங்கள் ஒரு தினுசு. மீதி, பின்னறையில் சுவரோரம் நின்றது. கரிகாந்தேயை வேறொரு இறக்குமதிக்காரர் எடுத்துக்கொண்டார். எப்சமில் ஒரு உணவகத்துக்கு டெலிவரி கொண்டுபோனபோது அதை அவர்களுடைய பட்டியலில் பார்த்தேன். அக்காவிடம் சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன், முடியவில்லை, சொன்னேன். "நல்ல வைன் எண்டு அப்பவே வாய் சொல்லியிருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு ஆறவில்லை. குளிர்காலத்தில் ஒருநாள், இருவரும் ஹீட்டர் முன்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"வேலை கொடுத்தது உங்க முருகன். அவருக்கு நன்றின்னு நீங்க பிடிச்ச விரதத்தாலயே வேலை போச்சு. இது என்னா நியாயம்கா? எங்க சர்ச்சில இப்படி நடந்தா நான் ஃபாதர்கிட்ட சண்டைக்குப் போயிருப்பேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது.

"அவரில பிழையில்லை. வேலை கிடைக்கோணும் எண்டுதான் நான் கேட்டது. நிலைக்கோணும் எண்டு கேக்கேல்லை."

"நிலைக்கிறது பாவ்லா கையில இருந்துச்சு."

"ஓம். அவவிட்ட நான் ஒண்டுமே கேக்கேல்லை. இத்தினை வருஷத்தில ஒண்டுமே." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஒரு போன்தானாம். ஒரு போன் எண்டு எனக்கு நினைப்பே வரேல்லை, ஷாரோன்."

அதுதான் எனக்கு அந்த வருஷம் முழுக்க உறுத்தியது. ஆறு நாள் பட்டினி கிடக்க முடிகிற ஒரு பெண்ணால், பத்தடி தள்ளி இருக்கிற அறையின் கதவைத் தட்டி ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. முருகனிடம் போக எத்தனை ரோடு தாண்ட வேண்டும், எத்தனை லைட்டில் நிற்க வேண்டும். அதெல்லாம் அவருக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. "நீங்க திரும்பக் கேளுங்க" என்று நச்சரித்தேன். "பாப்பம்" என்பார். அவர் "பாப்பம்" என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம்.

வசந்தம் வந்தது, மாதிரிப் போத்தல்களும் வந்தன. கூரியர்காரன் பெட்டிகளைக் கொண்டுவந்து நேராகப் பாவ்லாவின் அறைக்குள் வைத்துவிட்டுப் போனான். அக்கா கையெழுத்து மட்டும் போட்டார். அதன்பிறகு அன்று காலை முழுக்க ஒலிவ் எண்ணெய்த் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசியே இல்லாத தட்டு.

மதியம் சாப்பாட்டுக்கு நான் உட்கார்ந்தபோது அவரைக் காணவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பாவ்லாவின் அறையில் நின்றுகொண்டிருந்தார். ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. பாவ்லா தலையை ஆட்டினார், அது இல்லை என்கிற ஆட்டல். நான் என் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். ஆனால் அக்கா வெளியே வரவில்லை. அங்கேயே நின்றார். மறுபடி ஏதோ சொன்னார்.

கடைசியில் வந்து என் எதிரே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

"என்னா கேட்டீங்க?"

"வேலையைத் திருப்பித் தாங்கோ எண்டு கேட்டன்."

"என்னா சொன்னாங்க?"

"இந்த வருஷம் இல்லை எண்டவ."

அவர் பருப்பை ஊற்றிச் சோற்றைக் குழைத்தார்.

"சரியெண்டு திரும்பப் பாத்தன், கால் வரேல்லை. நிண்டு கேட்டன், அப்ப பக்கத்தில இருந்து நானும் ருசி பாக்கட்டோ, முடிவை நீங்களே எடுங்கோ எண்டு. அவ யோசிச்சா. பிறகு ஓம் எண்டா. வாற செவ்வாய்க்கிழமை எண்டா."

"நல்லதுதானே அக்கா."

"எங்க நல்லது? அண்டைக்குச் சஷ்டி துவங்கிடும். அதுக்கு அடுத்த கிழமை வையுங்கோ எண்டு கேட்டன்."

"கேட்டீங்களா? நீங்களா?"

"ஓம். கலண்டரைப் பாத்திட்டு, சரி வைப்பம் எண்டா. ஒரு போனும் எடுக்கேல்லை. பேனையால ஒரு கோடு, அவ்வளவுதான்."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷ நேர்த்தி முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு விரதம்?

"இந்த வருஷம் முருகன்கிட்ட என்னா கேக்கப் போறீங்க?"

"அவரிட்டையோ?" அக்கா ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார். "ஒண்டும் இல்லை, இந்த முறை சும்மா பிடிக்கிறன். கேக்கிறதையெல்லாம் இண்டைக்குப் பாவ்லாவிட்டக் கேட்டு முடிச்சிட்டன்."